தவிட்டுக் கொட்டானும் கெண்டை மீனும்

கெண்டை மீனுக்கு வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள்ளதான் பல் இருக்கு. வயித்துப்பைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, தின்னது நேரா குடலுக்குப் போயிரும். விரால் மாதிரி ஒரு தவளையை முழுங்கிட்டு நாள் பூரா சும்மா கிடக்க அதால முடியாது. கொஞ்சங் கொஞ்சமா, பொழுதன்னைக்கும் மேஞ்சுக்கிட்டே இருக்கணும். ஆடு மாடு மேயுற மாதிரின்னு வச்சுக்கங்க. கெண்டையைத் தூண்டில்ல பிடிக்க மனுசன் கண்டுபிடிச்ச தந்திரம் பெரும்பாலும் இந்த ஒரு விசயத்துல இருந்து கிளம்புனதுதான். விராலுக்குத் தூண்டி போடுறவன் மீனைத் தேடிப் போவான். கெண்டைக்குப் போடுறவன் உக்காந்த இடத்துக்கு மீனை வரவழைக்கணும்.

இப்ப லீவு நாள்ல எங்க ஊர்ப் பக்கம் மதுரையில இருந்து பையங்க பைக்ல வர்றாங்க. மடக்குக் கம்பு, சுத்துற ரீல், பெட்டி நிறைய முள்ளு, டப்பாவுல வாசனைப் பொடி. நரம்போட நுனியில சின்னதா ஒரு கூண்டு தொங்கும், அடியில ஈயம் ஒட்டியிருக்கும். ஃபீடர்னு சொல்றாங்க. அந்தக் கூண்டுல மாவைப் பிசைஞ்சு அடைச்சு வீசுனா, தண்ணிக்குள்ள போயி மாவு கரைஞ்சு பரவும், பக்கத்துலயே முள்ளு இருக்கும். மீன் மாவைத் தேடி வந்து முள்ளையும் சேத்து உறிஞ்சும். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா வர்ற பையங்க எல்லாரும் என்னயப் பாத்தா ஒரே கேள்விதான் கேக்குறாங்க: "அண்ணே, அந்தக் காலத்துல என்ன மருந்து போட்டுப் பிசைவீங்க?"

மருந்துன்னு ஒண்ணும் இருந்ததா எனக்குத் தெரியலை. பிசைஞ்சது என்னன்னு சொல்றேன், ஆனா அது பாதிக் கதைதான்.

எங்க தாத்தா தூண்டிக்காரர்னு ஊர்ல பேரு வாங்கினவர். அவர்கிட்ட ஃபீடர் இருந்துச்சு, பேரு மட்டும் வேற. பனை ஓலைக் கொட்டான். எங்க பக்கம் கருப்பட்டி, பயறு, வெஞ்சனச் சாமான் வாங்க எல்லாத்துக்கும் கொட்டான்தான். பழசாகி ஓட்டை விழுந்த கொட்டானை அப்பத்தா தூக்கிப் போட மாட்டாங்க, தாத்தாவுக்கு எடுத்து வச்சிருவாங்க. அதுல அடியில ஒரு கல்லு. மேல வறுத்த தவிடு, இடிச்ச எள்ளுப் பிண்ணாக்கு, கண்மாய்க்குள்ள எடுத்த வண்டல் மண்ணு மூணையும் சேத்துப் பிசைஞ்சு அமுக்குவார். வாயைப் பனை நாரால கட்டி, தூண்டிக் கம்பு எட்டுற தூரத்துல தண்ணிக்குள்ள இறக்கிருவார். அடையாளத்துக்கு ஒரு குச்சி. ஓலைப் பின்னல் இடுக்கு வழியா தண்ணி உள்ள போகும், தவிடு கொஞ்சங் கொஞ்சமா வெளிய வரும். வண்டல் எதுக்குன்னா, வெறும் தவிட்டைப் போட்டா அஞ்சு நிமிசத்துல கரைஞ்சு காத்தடிச்ச பக்கம் போயிரும். மண்ணு சேத்தா ராத்திரி பூரா கசியும். வாசம் இருக்கணும், வயிறு நிறையக் கூடாது, அதுதான் கணக்கு.

முதல் மூணு நாளைக்குத் தூண்டியே எடுக்க மாட்டார். காலையில வயலுக்குத் தண்ணி பாக்கப் போறப்ப ஒரு தடவை, சாயங்காலம் மாடு குளிப்பாட்டப் போறப்ப ஒரு தடவை, அந்த இடத்தைப் பாப்பார், கொட்டானைத் தூக்கி மறுபடி நிரப்புவார். குச்சியைச் சுத்திச் சின்னச் சின்னக் குமிழியா மேல வந்தா கெண்டை அடியில மண்ணைக் கிளறுதுன்னு அர்த்தம். போட்டது போட்டபடி கிடந்தா இடம் சரியில்லை, கொட்டானை மாத்திருவார். நாலாம் நாளு, இல்லைன்னா அஞ்சாம் நாளு விடியக்காலையில கம்பை எடுத்துக்கிட்டுப் போவார். அன்னைக்கு எங்க வீட்டுல வேற குழம்பு கிடையாது.

கம்பு மூங்கில். தக்கைக்கு நெட்டித் தண்டு கண்மாய்லயே விளையும், சோளத்தட்டை இருந்தாலும் போதும், மயிலிறகுத் தண்டு கிடைச்சா அது ராஜா. நைலான் நரம்பு நான் பிறக்குறதுக்கு முன்னாடியே வந்திருச்சு. தாத்தாவோட வாலிபத்துல பருத்தி நூலை முறுக்கி, பனிச்சங்காய்ச் சாறுல நனைச்சுக் காய வச்சுப் பயன்படுத்துவாங்களாம். வலைக்குப் போடுற அதே சாயம்தான், நூலு தண்ணியில மக்காது.

முள்ளுல குத்துற இரை தனி. மண்புழுவுக்கு எல்லா மீனும் வரும், அதுதான் அதுல உள்ள தொந்தரவு. கெளுத்தி வந்து முழுங்கும், குறவை வந்து இழுக்கும், கெண்டை வர்றதுக்குள்ள புழு காலி. கெண்டைதான் வேணும்னா மாவு இரைதான். கேப்பைக் களி, இல்லைன்னா சோளக் களி, பழைய சோத்தை நசுக்கினது, வறுத்த கடலை மாவு. இதுல ஒரு துணுக்குப் பஞ்சைப் பிச்சுப் போட்டுப் பிசையணும். பஞ்சு இல்லாத மாவு உருண்டை தண்ணியில இறங்குற வேகத்துலயே முள்ளை விட்டுக் கழண்டிரும். பஞ்சு இழை உள்ள ஓடினா மீன் நாலு தடவை உறிஞ்சிப் பாத்தாலும் அங்கயே நிக்கும்.

இந்தப் பஞ்சு விசயம் எங்க ஊருக்கு மட்டும் சொந்தம்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஐசக் வால்டன்னு ஒரு ஆங்கிலேயர் 1653ல மீன்பிடி பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கார். அதுல கெண்டைக்குப் பிசையுற மாவுல கொஞ்சம் ஆட்டு ரோமத்தைச் சேத்துக்க, அப்பதான் முள்ளுல நிக்கும்னு இருக்கு. அவங்க ஊர்ல ஆடு, நம்ம ஊர்ல பருத்தி. தேனு கலக்கச் சொல்றார், ரொட்டியைப் பிசையச் சொல்றார். குளத்துல கெண்டையைக் கூட்டணும்னா ஒரே இடத்துல தானியமோ, தவிடோ, ரத்தத்துல பிசைஞ்ச சாணியோ, கோழிக்குடலோ போடுன்னும் சொல்றார். ஆத்துக் கெண்டைக்குப் பொறுமை வேணும், ஒருத்தர் தினம் நாலு மணி ஆறு மணி நேரம்னு மூணு நாலு நாள் உக்காந்தும் ஒரு கடிகூடக் கிடைக்கலைன்னு எழுதியிருக்கார். அந்த வரியைப் பையன் படிச்சுச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. தூண்டிக்காரன் எந்த நாட்டுல இருந்தாலும் அவன் வீட்டுல திட்டு ஒண்ணாத்தான் இருக்கும்.

நம்ம பக்கம் இன்னும் பழசு இருக்கு. 12ஆம் நூற்றாண்டுல கல்யாணியில இருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய ராசா மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்'னு சமஸ்கிருதத்துல ஒரு பெரிய நூல் எழுதினார். ராசாக்கள் பொழுதுபோக்குல மீன் பிடிக்கிறதுக்குன்னு அதுல தனிப் பகுதியே இருக்கு, மத்ஸ்ய விநோதம்னு பேரு. முப்பதுக்கு மேல மீன் வகை, எந்த மீனுக்கு என்ன தீனின்னு எல்லாம் சொல்லியிருக்கு. ராசாவுக்கு ஆள் படை உண்டு, தீனி போட ஒருத்தன், கம்பு பிடிக்க ஒருத்தன்னு வச்சிருப்பார். தமிழ்ல பாத்தா திருவள்ளுவர் சூது அதிகாரத்துல, சூதாட்டத்துல ஜெயிக்கிறது மீன் தூண்டில் முள்ளை விழுங்குற மாதிரின்னு சொல்றார். அந்த உவமை சொன்னவுடனே புரியணும்னா, கேக்குற சனத்துக்குத் தூண்டில் அவ்வளவு பழக்கமா இருந்திருக்கணும்.

வெள்ளைக்காரன் காலத்துல ஹென்றி சல்லிவன் தாமஸ்னு சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி ஒருத்தர். 1873ல மங்களூர்ல இந்தியத் தூண்டில் பத்தி ஒரு புத்தகம் போட்டார், பெரும்பாலும் மலை ஆத்து மீனு பத்தி. 1887ல குளத்துல தூண்டில் போடுறதுக்குன்னே தனியா இன்னொரு புத்தகம் எழுதினார். குளத்து மீனுக்குத் தனிப் புத்தகம் வேணும்னு ஒரு துரைக்குத் தோணியிருக்குன்னா, நம்ம குளத்துல அவ்வளவு மீன் கிடந்திருக்குன்னுதான் நான் எடுத்துக்குறேன்.

சரி, மறுபடி தவிட்டுக்கு வர்றேன். ஏன்னா தீனியோட வரலாறுன்னா அது செக்கோட வரலாறுதான்.

எங்க ஊர்ல ஒரு தெருவுக்குச் செக்கடின்னு பேரு. இப்ப அங்க செக்கு இல்லை, கான்கிரீட் தண்ணித் தொட்டிதான் இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல பல ஊர்ல பழைய கல்செக்கு கிடைச்சிருக்கு, யாரு தர்மத்துக்குச் செஞ்சு வச்சதுன்னு கல்லுலயே எழுத்து வெட்டியிருக்கும். எங்க ஊர்ச் செக்கு மரம். மாடு சுத்தும், எள்ளு அரைபடும், நல்லெண்ணெய் ஒரு பக்கம், பிண்ணாக்கு ஒரு பக்கம். அந்தப் பிண்ணாக்குல நூத்துக்குப் பத்துக்கு மேல எண்ணெய் தங்கியிருக்கும். கையில எடுத்து அமுக்குனா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், வாசம் தெருமுனைக்கு வரும். மாட்டுக்குப் போக மிச்சம் மீனுக்கு. அப்புறம் டவுன்ல எக்ஸ்பெல்லர் வந்துச்சு, அது அழுத்திப் பிழியும், பிண்ணாக்குல எண்ணெய் ஆறு ஏழு சதம்தான். அதுக்கப்புறம் சால்வெண்ட் முறை, ரசாயனத்துல கழுவி எடுக்குறது. அந்தப் பிண்ணாக்குல ஒரு சதம் எண்ணெய் இருந்தா அதிகம். மாட்டுக்குப் புரதம் கிடைக்கும், அதுல தப்பில்லை. மீனுக்கு அது மரத்தூள். கரையும், ஆனா வாசம் போகாது.

தவிடும் அப்படித்தான். உரல்ல குத்துன காலத்துத் தவிடுல குருணை இருக்கும், முளை இருக்கும், எண்ணெய்ப் பசை இருக்கும். ஹல்லர் மில்லு வந்தப்ப உமியும் தவிடும் ஒண்ணாக் கலந்து வந்துச்சு, புடைச்சு எடுத்துக்கிட்டோம். இப்ப நவீன அரிசி ஆலையில நல்ல தவிடு எல்லாம் எண்ணெய் எடுக்கப் போயிருது. விவசாயி நெல்லை மூட்டையா வித்துட்டு அரிசியைக் கடையில வாங்குறான், அப்புறம் வீட்டுல தவிடு எங்க இருந்து வரும்? இந்தப் பையங்க வெண்ணிலா எசன்ஸ், முட்டை, ரொட்டித் தூள்னு ஏன் கலக்குறாங்கன்னா, பழைய சரக்குல தானா இருந்த வாசமும் ஒட்டும் புதுச் சரக்குல இல்லை. அவங்களை நான் கேலி பண்ண மாட்டேன்.

அதே சமயத்துல தண்ணிக்குள்ள இருந்த மீனும் மாறிப் போச்சு. இது நிறையப் பேருக்குத் தெரியாது. இன்னைக்கு நீங்க மார்க்கெட்ல கண்மாய்க் கெண்டைன்னு வாங்குற கட்லா, ரோகு, மிர்கால் மூணுமே நம்ம வைகைக்கும் காவிரிக்கும் பிறந்த மீன் இல்லை. கங்கை, மகாநதி, கோதாவரிப் பக்கத்துச் சொத்து. சென்னை மாகாணத்துல மீன்துறை 1907ல பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில ஆரம்பிச்சது, அதுக்கப்புறம்தான் கட்லாவைத் தெற்க கொண்டு வந்து விட்டாங்க. 1934ல மேட்டூர் அணை கட்டி முடிஞ்சு, அவ்வளவு பெரிய தண்ணி கிடைச்சதும் கட்லா அங்க வேர் பிடிச்சிருச்சு. கண்ணாடிக் கெண்டைன்னு செதில் பெருசு பெருசா இருக்குமே, அது 1939ல இலங்கையில இருந்து நீலகிரிக்கு வந்தது. சாதாக் கெண்டை 1957ல பாங்காக்ல இருந்து ஒடிசாவுக்கு வந்தது. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959. அதுக்கு முன்னாடி 1952ல வந்த சிலேபியை நம்ம சனம் சிலேபிக் கெண்டைன்னு கூப்பிடுது, அதுக்கும் கெண்டைக்கும் சொந்தமே கிடையாது, பங்காளி வீட்டுப் பேரை வச்சுக்கிட்ட மாதிரி.

எல்லாத்தையும் விடப் பெரிய மாத்தம் 1957 ஜூலை 10ல ஒடிசாவுல நடந்தது. ஹீராலால் சௌதுரிங்கிற விஞ்ஞானி, ஒரு மீனோட மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து சாறு எடுத்து இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, குளத்துக்குள்ள முட்டை விட வச்சார். அதுவரைக்கும் இந்த மீனெல்லாம் ஓடுற ஆத்து வெள்ளத்துலதான் முட்டை விடும், குஞ்சை ஆத்துலதான் அள்ளணும். அதுக்கப்புறம் பண்ணையில லட்சக்கணக்குல குஞ்சு. மத்திய அரசு இன்னைக்கும் அந்த ஜூலை 10ஐ மீன் விவசாயிகள் தினம்னு வச்சிருக்கு. எங்க கண்மாய்க்கும் லாரியில பிளாஸ்டிக் பையில காத்தடிச்சு மீன்குஞ்சு வந்து இறங்கினதை நானே பாத்திருக்கேன்.

தூண்டிக்காரனுக்கு இதுல என்ன? நிறைய இருக்கு. எங்க பழைய சேல் கெண்டை, சாணிக் கெண்டை அடியில மேயுற சாதி. கொட்டான் அடியில கிடந்தா போதும். கட்லா அப்படி இல்லை. அதோட வாயைப் பாருங்க, கீழ் உதடு தூக்கி மேல் பக்கமாத் திறக்கும். தண்ணியோட மேல் பக்கத்துல மிதக்குற நுண்ணுயிரை வடிகட்டித் தின்னுற மீன். ரோகு நடுத் தண்ணியில, உதட்டுல குஞ்சம் மாதிரி ஓரம் இருக்கும், பாசியைச் சுரண்டும். மிர்கால் அடியில. ஒரே கண்மாய்ல மூணு மாடி. மூணு மாடிக்கும் ஒரே கொட்டான் பத்தாது.

அதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சதுதான் ஸ்பிரிங் தூண்டி. ஒரு கம்பிச் சுருள், அதுல அஞ்சாறு முள்ளு சின்னச் சின்ன நரம்புல தொங்கும். சுருளைச் சுத்தி மாவைப் பெரிய உருண்டையா அமுக்கி, முள்ளு எல்லாத்தையும் அந்த உருண்டைக்குள்ளயே செருகிருவாங்க. வறுத்த தவிடு, கடலைப் பிண்ணாக்கு, பொட்டுக்கடலை மாவு, மைதா. வறுத்த தவிடு லேசு, அது உருண்டையில இருந்து பிரிஞ்சு மேல மேல மிதந்து தண்ணிக்குள்ள புகை மாதிரி நிக்கும். கட்லா அந்தப் புகையை உறிஞ்சிக்கிட்டே கீழ வரும், உருண்டைகிட்ட வந்து ஒரே உறிஞ்சு. இங்கிலாந்துல மெதட் ஃபீடர்னு 1990கள்ல பெருசாப் பரவுச்சே, அதுவும் இதே கருத்துதான், உருண்டைக்குள்ள முள்ளை மறைக்கிறது. யாரைப் பாத்து யாரு செஞ்சாங்கங்கிற சண்டைக்கு நான் வரலை. மாவை உறிஞ்சுற மீனும் கம்பியும் எங்க இருந்தாலும் இந்த யோசனை வந்தே தீரும். அவங்க ஒரு படி மேல போயி, 1980 வாக்குல இரையை முள்ளுல குத்தாம, முள்ளுக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு சின்ன நூல்ல தொங்க விட்டாங்க. கெண்டை எதையும் உறிஞ்சிப் பாத்து, சந்தேகம் வந்தா துப்பிரும். துப்புறப்ப வெறுமனே இருக்குற முள்ளு உதட்டுல மாட்டும். நம்ம பஞ்சு உருண்டையில அந்தச் சாமர்த்தியம் கிடையாது, ஒத்துக்குறேன்.

ஆனா பழைய முறைக்கும் புது முறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மாவுலயும் இல்லை, முள்ளுலயும் இல்லை. நாள் கணக்குல இருக்கு.

தாத்தா முறைக்கு அஞ்சு நாள் வேணும். அஞ்சு நாளும் அந்தக் கரைக்குப் போற சோலி இருக்கணும், போட்ட தீனியில வேற எவனும் வந்து தூண்டி போடக் கூடாது, கொட்டானை எவனும் எடுக்கக் கூடாது. அந்தக் குச்சியைப் பாத்தா ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அது இன்னார் இடம்னு. சொல்லி வச்ச சட்டம் ஒண்ணும் கிடையாது. மாடு குளிப்பாட்டுறவன், துணி துவைக்கிறவங்க, மடை திறக்குற நீர்பாய்ச்சி எல்லாரும் தினம் அங்கதான் கிடப்பாங்க, அவங்களே காவல். ஃபீடரைப் பாருங்க, அது ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவனுக்கு ஏத்த சாமான். அஞ்சு நாள்ல ஒரு இடத்துல சேக்க வேண்டிய மீனை, அரை மணி நேரத்துல ஒரு முழத்துக்குள்ள சேக்கப் பாக்குது. கரை சொந்தம் இல்லாதவனோட தந்திரம். அதைக் குறையாச் சொல்லலை, இன்னைக்கு எங்க ஊர்க்காரனுக்கும் அதே நிலைமைதான்.

ஏன்னா கண்மாய் கைமாறிப் போச்சு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா முன்னாடி பொதுப்பணித் துறைக் கண்மாய், இப்ப நீர்வளத் துறைக் கண்மாய், அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியக் கண்மாய்னு பிரிச்சிருக்கு. எதுவா இருந்தாலும் மீன்பாசி ஏலம் உண்டு. பசலிக் கணக்கு, ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். ஏலம் பழைய பழக்கம்தான், எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துலயும் இருந்துச்சு. ஆனா அப்ப ஏலம் எடுத்தவர் வலைக்குத்தான் உரிமைக்காரர். கண்மாய்ல மழைத் தண்ணியோட தானா வந்த மீனு, அவரு வளத்தது இல்லை. அதனால தூண்டி போடுற கிழவனையும் சின்னப் பையனையும் யாரும் கேக்க மாட்டாங்க. குஞ்சு வாங்கி விட ஆரம்பிச்சதும் கணக்கு மாறிருச்சு. குத்தகைக்காரர் கைக்காசு போட்டுக் குஞ்சு விடுறார், தீனி போடுறார், ராத்திரிக் காவலுக்கு ஆள் வைக்கிறார். அப்புறம் ஒவ்வொரு மீனும் அவர் மீன்தானே? அவர் பக்க நியாயமும் எனக்குப் புரியுது. ஆனா ஒரு வருசம் எங்க கரையில எங்க சித்தப்பா, எழுபது வயசுக்காரர், மூங்கில் கம்போட உக்காந்திருந்தப்ப, காவலுக்கு இருந்த பையன் கம்பைப் பிடுங்கி முறிச்சுப் போட்டான். சித்தப்பா ஒண்ணும் பேசாம எந்திருச்சு வந்தார். அதுக்கப்புறம் அவர் கண்மாய்ப் பக்கம் குளிக்கக்கூடப் போகலை.

இன்னொரு விசயமும் சொல்லணும். தாத்தா போட்ட தீனி ஒரு கொட்டான் அளவு, ரெண்டு கை தவிடு. இப்ப மீன் சீக்கிரம் எடை ஏறணும்னு சில இடத்துல கோழிக்கழிவை மூட்டை மூட்டையாக் கொட்டுறாங்க. வால்டன் சொன்ன அதே கோழிக்குடல்தான், ஆனா அவர் சொன்னது கை அளவு, இது டெம்போ அளவு. மாசி, பங்குனியில தண்ணி முழங்கால் அளவுக்கு வத்துனப்பறம் அதைக் கொட்டுனா, அழுகுற சரக்கு தண்ணியில உள்ள ஆக்சிசனை எல்லாம் இழுத்துரும். விடியக்காலையில மீன் வாயை மேல தூக்கி வச்சுக்கிட்டு மூச்சு வாங்கும். மாடு அந்தத் தண்ணியில வாய் வைக்காது. தூண்டி போட வர்ற தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்றேன், சித்திரை வெயில்ல கிலோக் கணக்குல மாவைக் கொட்டாதீங்க, மிஞ்சினதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க, எங்க வீட்டு மாடு திங்கும்.

எல்லாக் கண்மாயும் ஏலத்துல போயிருச்சுன்னு நினைக்காதீங்க. மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்துல பல ஊர்ல ஊர்க் கட்டுப்பாடு போட்டு மீனைக் காப்பாத்தி, தண்ணி வத்துனதும் மீன்பிடித் திருவிழா வைக்கிறாங்க. ஊர்ப் பெரியவர் கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசுனதும் சனம் மொத்தமா இறங்கும். ஊத்தா, கச்சா, சேலையையே வலையாப் பிடிக்கிற பொம்பளைங்க, எல்லாரும். யாரும் காசு குடுக்க வேண்டாம், கிடைச்சது அவங்கவங்களுக்கு. சில ஊர்ல பிடிச்ச மீனை விக்கக் கூடாது, குழம்பு வைக்கத்தான் எடுத்துட்டுப் போகணும்னு வச்சிருக்காங்க. அந்த மாதிரிக் கண்மாய்ல தண்ணி நிறைஞ்சு கிடக்குற தை மாசம் வரைக்கும் தூண்டிக்கு அனுமதி குடுக்குற ஊரும் உண்டு. நீங்க போறதா இருந்தா முதல்ல ஊர்ப் பெரியவங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, நம்ம சனம் கேட்டவனை இல்லைன்னு சொல்றது அபூர்வம்.

பழைய முறையைச் செஞ்சு பாக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு அளவு சொல்றேன். வறுத்த தவிடு ரெண்டு படி, எள்ளுப் பிண்ணாக்கு அரைப் படி, அந்தக் கண்மாய் வண்டலே ரெண்டு படி. தவிட்டை வாசம் வர்ற வரைக்கும் வறுக்கணும், கருகக் கூடாது. பிண்ணாக்கை முந்தின நாள் ராத்திரியே ஊற வச்சிரணும். கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணியில போட்டா அடிக்குப் போனப்பறம்தான் உடையணும். கொட்டான் கிடைக்காட்டி வெங்காயம் வர்ற சிவப்பு வலைப்பை போதும், ஆனா திரும்பி வர்றப்ப அதை எடுத்துட்டு வந்துருங்க, ஓலை மக்கும், அது மக்காது. முள்ளு இரைக்குக் கேப்பைக் களி, பஞ்சு மறக்காம.

பிண்ணாக்குக்கு இப்ப ஒரு வழி பிறந்திருக்கு. நகரத்துல நீங்கள்லாம் மரச்செக்கு எண்ணெய்தான் வேணும்னு கேக்க ஆரம்பிச்சதுல, எங்க பக்கத்து டவுன்லயே ரெண்டு மரச்செக்குக் கடை வந்திருச்சு. மாட்டுக்குப் பதில் மோட்டார் சுத்துது, மத்தபடி பிண்ணாக்கு பழைய பிண்ணாக்குதான், விரல்ல ஒட்டுது. போன வாரம் மாட்டுக்கு வாங்கப் போனேன். எனக்கு முன்னாடி தூண்டிப் பையங்க நாலு பேர் வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். கடைக்காரர் அடுத்த ஆட்டு வியாழக்கிழமைதான்னு சொல்லி, என் பேரை எழுதி வச்சிருக்கார்.